ஃப்ளை ஃபிஷிங்: புல்தரையில் தொடங்கி முதல் ட்ரௌட் வரை

நியூ ஜெர்சியில் எங்கள் நண்பர் வட்டத்தில் ஏழெட்டுப் பேருக்கு ஃப்ளை ஃபிஷிங் பழக்கிவிட்டிருக்கிறேன். அதில் பாதிப் பேர் தூண்டில் கோல் வாங்கிய வாரமே ஆற்றில் இறங்கியவர்கள். ஒரு மணி நேரத்தில் பின்னால் இருந்த மரத்துக்கு நான்கு ஃப்ளைகளைக் காணிக்கை கொடுத்துவிட்டு, லைன் சிக்கலைப் பிரிக்க மாட்டாமல் காருக்குத் திரும்பினார்கள். அவர்களுக்குக் கை வராமல் இல்லை. எதை முதலில் பழக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தை முதலிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். ஊரில் நாம் போட்ட புழுத் தூண்டிலில் ஈயக்குண்டு முன்னால் பறக்கும், நரம்பு அதன் பின்னால் போகும். ஃப்ளை என்பது முள்ளில் இறகும் ரோமமும் நூலும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சி. அதற்கு எடையே கிடையாது, ஊதினால் பறந்துவிடும். அதனால் இங்கே எடை முழுவதும் லைன் என்கிற தடித்த நூலில் இருக்கிறது. நீங்கள் வீசுவது லைனை. ஃப்ளை அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போகிறது. கீழே வரும் ஒவ்வொரு படிக்கும் காரணம் தேடினால் கடைசியில் இங்கேதான் வந்து நிற்பீர்கள்.

1. லைசென்ஸ், இடம், மாதம்

நியூ ஜெர்சியில் 16 முதல் 69 வயது வரை உள்ளவர்களுக்கு நன்னீர் மீன்பிடி லைசென்ஸ் வேண்டும். ஆற்று மீனான ட்ரௌட்டைப் பிடிக்க அதோடு ட்ரௌட் ஸ்டாம்ப் என்று தனியாக ஒன்று வாங்க வேண்டும். புதியவர்கள் மறப்பது இந்த ஸ்டாம்பைத்தான். லைசென்ஸ் டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்துவிடும், எனவே வருடக் கடைசியில் வாங்குவது நஷ்டம். எல்லை தாண்டி நியூயார்க் மாநிலத்துக்குப் போனால் அங்கே வேறு லைசென்ஸ். அது வாங்கிய நாளிலிருந்து 365 நாள் செல்லும், ட்ரௌட்டுக்குத் தனி ஸ்டாம்ப் கிடையாது.

ஒரே ஆற்றில்கூடப் பகுதிக்குப் பகுதி விதி மாறும். இங்கே புழு போடலாம், கொஞ்சம் மேலே போனால் செயற்கைத் தூண்டில் மட்டும்தான், இன்னொரு இடத்தில் பிடித்த மீனை விட்டுவிட வேண்டும். அந்த வருடத்து விதித் தொகுப்பை மாநில மீன்வளத் துறை இணையத்திலேயே போடுகிறது. கரையில் மரத்தில் அடித்திருக்கும் பலகையையும் படித்துவிட்டு இறங்குங்கள்.

இடத்துக்கு வருவோம். கலிஃபோனுக்கும் ஹை பிரிட்ஜுக்கும் நடுவே, சவுத் பிராஞ்ச் ராரிடன் ஆற்றில் இருக்கும் கென் லாக்வுட் கார்ஜ் என்கிற மலை இடுக்கின் படங்களைப் பார்த்துவிட்டு எல்லாரும் நேராக அங்கே போக ஆசைப்படுவார்கள். முதல் நாளுக்கு அது வேண்டாம். பெரிய பெரிய பாறை, வேகமான தண்ணீர், தலைக்குமேல் கிளை. பின்பக்கம் முப்பது நாற்பது அடி திறந்த வெளி உள்ள, முழங்கால் ஆழமுள்ள இடமாகப் பாருங்கள். பூங்காக்களை ஒட்டி ஓடும் பகுதிகளில் அப்படிப்பட்ட இடம் கிடைக்கும். மாநிலத்தின் பெக்வெஸ்ட் பண்ணையில் வளர்ந்த ரெயின்போ ட்ரௌட்டை வசந்த காலத்தில் இந்த ஆறுகளில் விடுவார்கள். காட்டு மீன் அளவுக்கு அவற்றுக்குச் சந்தேகப் புத்தி கிடையாது. பழகுபவருக்கு அது நல்லது.

மாத வரிசை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: ஏப்ரலில் புல்தரை, மே முதல் பாதியில் குளம், மே கடைசியிலிருந்து ஜூன் நடுவரை ஆறு. ஜூலையில் ஆசை வந்தால் செப்டம்பர் கடைசிவரை குளத்திலேயே இருங்கள். காரணம் ஆறாவது படியில் வருகிறது.

2. வாங்க வேண்டியது, வாங்கக் கூடாதது

ஒன்பது அடி நீளம், 5 வெயிட், நான்கு துண்டாகப் பிரியும் கோல். கடைக்காரர் வேறு என்ன சொன்னாலும் முதல் கோல் இதுதான். 5 வெயிட் என்பது கோலின் எடை இல்லை, அது வீசக்கூடிய லைனின் எடை: முதல் 30 அடி லைன் சுமார் 9 கிராம். கோலில் எழுதியிருக்கும் எண்ணும் லைன் பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். லைன் மெலிந்தால் கோல் வளையாது, தடித்தால் துவண்டுவிடும். லைன் பெட்டியில் டபிள்யூ எஃப் 5 எஃப் என்று பாருங்கள். முன்பக்கம் தடிமனாக, மிதக்கும் வகை, 5 வெயிட் என்று அர்த்தம்.

கோல், ரீல், லைன் மூன்றும் சேர்ந்த செட் சுமார் 150 முதல் 200 டாலருக்குக் கிடைக்கும். அது போதும். ரீலில் காசு கொட்டாதீர்கள், பன்னிரண்டு அங்குல ட்ரௌட்டுக்கு ரீல் வெறும் நூற்கண்டு மாதிரிதான். கையில் கூடுதல் காசு இருந்தால் நல்ல லைனில் போடுங்கள்.

இவை தவிர: 9 அடி, 5 எக்ஸ் லீடர் (லைன் நுனியில் கட்டும், போகப்போக மெலியும் நரம்பு) மூன்று. 5 எக்ஸ் டிப்பெட் (லீடர் நுனியில் சேர்க்கும் மெல்லிய நரம்பு) ஒரு சுருள், 4 எக்ஸ் ஒன்று. எக்ஸ் கணக்கு அடுத்த படியில் வருகிறது. நரம்பு வெட்ட நிப்பர், மீன் வாயிலிருந்து முள் எடுக்க ஒரு ஃபோர்செப்ஸ், ஃப்ளை மிதக்கப் பூசும் பசை, ரப்பர் வலை போட்ட கைவலை, தொப்பி, போலரைஸ்ட் கண்ணாடி. கண்ணாடியை அலங்காரம் என்று நினைக்காதீர்கள். தண்ணீரின் பளபளப்பை அது வெட்டுவதால் அடியில் இருக்கும் கல்லும் மீனும் தெரியும். அதைவிட முக்கியம், உங்கள் ஃப்ளை ஒருநாள் உங்கள் முகத்தை நோக்கியே வரும். எனக்கு வந்தது. காது மடலோடு போயிற்று.

வேடர் என்கிற, மார்புவரை வரும் ரப்பர் கால்சட்டை உடனே வேண்டாம். ஜூனில் பழைய ஷூவும் அரைக்கால் சட்டையும் போதும்.

3. மேஜைமேல் பழகும் முடிச்சுகள்

ரீலிலிருந்து ஃப்ளை வரை ஐந்து பகுதி: பேக்கிங் (ரீலில் லைனுக்கு அடியில் சுற்றும் மெல்லிய நூல்), லைன், லீடர், டிப்பெட், ஃப்ளை. லைனிலிருந்து டிப்பெட் வரை மெலிந்துகொண்டே போகும். கடைசியில் மெலிய வேண்டியதற்கு இரண்டு காரணம். லைனின் வேகம் லீடர் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, ஃப்ளை ‘தொப்’பென்று விழாமல் பூச்சி உட்கார்வதுபோல இறங்க வேண்டும். அப்புறம், மீனின் கண்ணில் நரம்பு படக் கூடாது. 5 எக்ஸ் என்றால் 0.006 அங்குலத் தடிமன். எக்ஸுக்கு முன்னால் இருக்கும் எண் கூடினால் நரம்பு மெலிகிறது. இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டு வாங்கி வருபவர்கள் நிறைய.

பேக்கிங்கையும் லைனையும் ரீலில் ஏற்றுவதைக் கடைக்காரரே செய்து தருவார், செய்யச் சொல்லுங்கள். லைன் நுனியில் பெரும்பாலும் ஒரு வளையம் இருக்கும், லீடரிலும் ஒன்று இருக்கும். இரண்டையும் கோத்து இழுக்கும்போது, இரண்டு பேர் கைகோத்த மாதிரி சமச்சீராக இறுக வேண்டும். ஒன்று மற்றொன்றைக் கழுத்தை நெரித்தது போல இறுகியிருந்தால் பிரித்து மறுபடி போடுங்கள்.

நீங்களே போட வேண்டியவை இரண்டே முடிச்சு. லீடரோடு டிப்பெட்டைச் சேர்க்க டபுள் சர்ஜன்ஸ் முடிச்சு: இரண்டு நரம்பையும் அருகருகே வைத்து ஒரு சாதாரண முடிச்சுக்கு வளையம் போட்டு, இரண்டு நுனியையும் இரண்டு முறை அதற்குள் விட்டு, நான்கு முனையையும் சேர்த்து இழுக்க வேண்டும். ஃப்ளையைக் கட்ட இம்ப்ரூவ்டு கிளிஞ்ச்: முள்ளின் காதில் நுழைத்து, ஐந்து சுற்றுச் சுற்றி, காதருகே உள்ள சிறிய ஓட்டையில் நுனியை விட்டு, அதனால் உருவான பெரிய வளையத்திலும் ஒருமுறை விட்டு இறுக்குவது.

இறுக்கும் முன் முடிச்சை எச்சிலால் நனையுங்கள். காய்ந்த நைலான் உரசும்போது சூடேறி அந்த இடம் பலவீனமாகிவிடும். நல்ல மீன் அறுத்துக்கொண்டு போனதாகச் சொல்லும் கதைகளில் பாதி, எச்சில் தடவாத முடிச்சின் கதை. முதலில் ஷூ லேஸில் இருபது முறை, பிறகு நரம்பில் இருபது முறை போடுங்கள். ஆற்றில் வெளிச்சம் மங்கும் நேரத்தில் முதல் முடிச்சைப் பழகக் கூடாது.

கோலைப் பூட்டும்போது வளையங்கள் ஒரே நேர்கோட்டில் இருக்கட்டும். லைனைக் கோக்கும்போது நுனியைப் பிடித்துக் கோக்காமல், நுனிக்கு ஓரிரு அடி கீழே லைனை மடித்து அந்த மடிப்பைக் கோத்துக்கொண்டு போங்கள். கை நழுவினாலும் மடிப்பு வளையத்தில் சிக்கி நிற்கும். ஒற்றை நுனியாக இருந்தால் சர்ரென்று கீழே வழுக்கிவிடும், மறுபடி முதலிலிருந்து.

4. புல்தரையில் பத்து நாள்

தினம் பதினைந்து நிமிடம், பத்து நாள். ஒரே நாளில் இரண்டரை மணி நேரம் வீசினால் கை வலியும் கெட்ட பழக்கமும்தான் மிஞ்சும். புல்தரையாக இருக்க வேண்டும், தார்த் தரை லைனின் மேல்பூச்சை அரைத்துவிடும். முள் வேண்டாம், லீடர் நுனியில் சிவப்புக் கம்பளி நூல் துண்டு ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். அப்போதும் கண்ணாடி, தொப்பி.

கோல் முனைக்கு வெளியே 25 அடி லைன், அதற்குமேல் லீடர். இதுவே போதும். ட்ரௌட் ஆற்றில் நீங்கள் பிடிக்கப்போகும் மீன்களில் பெரும்பாலானவை 30 அடிக்குள்தான் இருக்கும். அறுபது அடி வீசும் ஆசையைப் பெட்டியில் பூட்டுங்கள்.

அசைவு இப்படி. கோல் முனை தரைக்கு அருகே இருக்கட்டும், லைன் முன்னால் நேராகக் கிடக்கட்டும், தொய்வு இருக்கக் கூடாது. முன்னங்கையால் மெதுவாகத் தூக்கத் தொடங்கி, வேகத்தைக் கூட்டிக்கொண்டே வந்து, கோல் காதைத் தாண்டியதும் சட்டென்று நிறுத்துங்கள். உங்களைப் பக்கவாட்டில் நின்று பார்ப்பவருக்கு, உங்கள் முகம் இடப்பக்கம் இருந்தால், கடிகார முள் 1 மணியில் நின்ற மாதிரி இருக்கும். நிறுத்துங்கள் என்றால் நிறுத்துங்கள். கோல் நின்றால்தான் அதில் சேர்ந்த வேகம் லைனுக்கு மாறி, லைன் ஒரு மடிப்பாக உருண்டு பின்னால் விரியும்.

இப்போது காத்திருக்க வேண்டும். எல்லாரும் சறுக்குவது இங்கேதான். பின்னால் போன லைன் நேராகும்வரை கை அசையக் கூடாது. லைன் நேரானால்தான் அதன் எடை கோலை வளைக்கும், வளைந்த கோல்தான் லைனை முன்னால் தள்ளும். லைன் பாதி மடிப்பில் இருக்கும்போது முன்னே வீசினால் நீங்கள் தள்ளுவது காற்றை. 25 அடிக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது? மனதுக்குள் ‘திருநெல்வேலி’ என்று ஒருமுறை சொல்லி முடியுங்கள். லைன் நீளம் கூடக்கூடக் காத்திருப்பும் கூடும், குறையக்குறையக் குறையும். சந்தேகம் வந்தால் தலையைத் திருப்பி லைனைப் பாருங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

பிறகு முன்வீச்சு: அதேபோல மெதுவாகத் தொடங்கி, வேகம் கூட்டி, 10 மணியில் நிறுத்துங்கள். லைன் விரிந்து தரையில் இறங்கும்போது கோலையும் கூடவே தாழ்த்துங்கள்.

கைபேசியைப் பக்கவாட்டில் வைத்து வீடியோ எடுத்துப் பார்த்தால், உங்கள் தவறு இவற்றில் ஒன்றாக இருக்கும்.

‘சடீர்’ என்று சாட்டைச் சத்தம் கேட்டால் காத்திருப்பு போதவில்லை. ஆற்றில் இதே சத்தத்தோடு ஃப்ளை அறுந்து பறக்கும். அறுந்தது தெரியாமலே அரைமணி நேரம் வெறும் நரம்பை வீசிக்கொண்டிருப்பீர்கள்.

பின்னால் லைன் புல்லை அடித்தால் மணிக்கட்டு மடங்கி, கோல் 3 மணிவரை சாய்கிறது. கோலின் அடிக்கட்டையை முழுக்கைச் சட்டையின் கைப்பட்டிக்குள் செருகிக்கொண்டு வீசிப் பாருங்கள், மணிக்கட்டு மடங்கவே முடியாது. இரண்டு நாளில் சரியாகிவிடும்.

லீடரில் தானாக முடிச்சு விழுந்தால், காற்றின் மேல் பழி போடாதீர்கள். ஆரம்பத்திலேயே முழு பலத்தையும் கொட்டினால் கோல் முனை நடுவில் தாழ்ந்து, லைனின் மேல்பாதி கீழ்பாதியைக் குறுக்கே வெட்டுகிறது. முடிச்சு விழுந்த இடத்தில் நரம்பின் பலம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். வெட்டி எறிந்துவிட்டுப் புது டிப்பெட் கட்டுங்கள்.

சினிமாவில் பார்த்த மாதிரி முன்னும் பின்னுமாக ஆறேழு முறை ஆட்டிக்கொண்டே இருப்பதும் வேண்டாம். ஒரு பின்வீச்சு, ஒரு முன்வீச்சு, கீழே இறக்கு. ஃப்ளை காற்றில் இருக்கும்வரை எந்த மீனும் அதைத் தின்னாது.

இன்னொரு பழக்கத்தையும் இங்கேயே ஒட்டவைத்துவிடுங்கள். லைன் தரையில் விழுந்ததும், கோல் பிடித்த கையின் ஆள்காட்டி விரலால் லைனைக் கைப்பிடியோடு அழுத்துங்கள். மற்ற கை அந்த விரலுக்குப் பின்னால் இருந்து லைனை இழுக்கட்டும். இது இல்லாமல் மீன் கடித்தால், கோலைத் தூக்கும்போது லைன் நழுவும், முள் ஏறாது.

5. குளத்தில் புளூகில்

நேராக ட்ரௌட்டுக்குப் போகாதீர்கள். பக்கத்துப் பூங்காக் குளத்தில் புளூகில் என்கிற சிறிய மீன் கூட்டமாக இருக்கும். பார்க்க நம் ஜிலேபிக் கெண்டையின் தம்பி மாதிரி தட்டையாக இருக்கும், கண்ணில் படுவதையெல்லாம் கடிக்கும். மே கடைசி, ஜூனில் ஆழமில்லாத இடத்தில் தட்டு வடிவில் மணலைத் துடைத்துக் கூடு கட்டி அதைக் காவல் காக்கும். 10-ஆம் எண் சிறிய பாப்பரையோ (மிதக்கும் ஃப்ளை) கறுப்பு வூலி பக்கரையோ (மூழ்கும் ஃப்ளை) அதன் அருகே போட்டால் போதும்.

ஓட்டமில்லாத தண்ணீர், பசியுள்ள மீன். வீசுவது, லைனைப் பிடிப்பது, கடியை உணர்வது, மீனைக் கொண்டுவருவது என நான்கையும் ஒரே மாலையில் முப்பது தடவை பழகலாம். ஆற்றில் அந்த முப்பது தடவைக்கு ஒரு சீசன் ஆகும். இங்கேயே முள் நுனியருகே பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கொக்கியை ஃபோர்செப்ஸால் நசுக்கிவிடும் பழக்கத்தையும் தொடங்குங்கள். மீனிலிருந்தும் சட்டையிலிருந்தும் காதிலிருந்தும் சுலபமாக வரும்.

ரோல் காஸ்ட்டையும் குளத்தில்தான் பழக முடியும். பின்னால் மரம் இருக்கும்போது பின்வீச்சே இல்லாமல், கோலை மெதுவாகப் பின்னால் கொண்டுவந்து, லைன் தோளுக்குப் பின்னால் தொங்கியதும் ஒரு கணம் நின்று, முன்னால் தள்ளி நிறுத்துவது அது. தண்ணீர் லைனைப் பிடித்துக்கொள்ளும் அந்தப் பிடிமானம் புல்லில் கிடைக்காது.

6. ஆற்றுக்குக் கிளம்பும் முன் இரண்டு எண்

முதலாவது நீர்வரத்து. மேட்டூர் அணை நிலவரம் படித்து வளர்ந்த நமக்குக் கன அடி புதிதில்லை. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை பல ஆறுகளின் ஓட்டத்தை விநாடிக்கு இத்தனை கன அடி என்று இணையத்தில் காட்டுகிறது, சவுத் பிராஞ்ச் ராரிடனுக்கு ஹை பிரிட்ஜ் அருகே ஒரு அளவி இருக்கிறது. வெறும் எண்ணைப் பார்க்காதீர்கள், அந்த நாளுக்கான பல வருட இடைநிலை அளவும் அதே படத்தில் இருக்கும். அதைவிட இரண்டு மடங்கு ஓடினால், புதியவர்கள் வீட்டில் இருப்பது நல்லது.

இரண்டாவது வெப்பநிலை. ட்ரௌட் குளிர்நீர் மீன். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது, மீனுக்கோ தேவை கூடுகிறது. 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், பிடித்து விட்ட மீன் நீந்திப் போவது போலப் போய்ச் சற்று நேரத்தில் செத்துவிடலாம். ஒரு சின்னத் தெர்மாமீட்டர் வாங்கி நூலில் கட்டித் தண்ணீரில் விடுங்கள். 20-ஐத் தொட்டால் ட்ரௌட்டை விட்டுவிட்டுக் குளத்துக்குப் போய்விடுங்கள். ஜூலை, ஆகஸ்டில் ஆறு வேண்டாம் என்றது இதனால்தான். விதிவிலக்கு, அணையின் அடித் தண்ணீர் வரும் ஆறுகள். கேனன்ஸ்வில் நீர்த்தேக்கத்துக்குக் கீழே டெலவேர் ஆற்றின் வெஸ்ட் பிராஞ்ச் கிளை கோடையிலும் சில்லென்று ஓடும். ஆனால் அங்கே உள்ள மீனுக்குப் படிப்பு அதிகம், முதல் வருடம் போய் மனதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

7. தண்ணீரைப் படிப்பது

கரைக்கு வந்ததும் கோலை எடுக்காமல் பத்து நிமிடம் நில்லுங்கள். மீனுக்கு மூன்று தேவை: சாப்பாடு வர வேண்டும், ஓட்டத்தோடு மல்லுக்கட்டாமல் நிற்க வேண்டும், மேலிருந்து வரும் ஆபத்திலிருந்து ஒளிய வேண்டும். மூன்றும் சேரும் இடம் ஓரங்கள்தான். வேகமான தண்ணீரும் மெதுவான தண்ணீரும் உரசும் கோடு, பாறைக்கு முன்னும் பின்னும் உள்ள அமைதி, சலசலப்பு முடிந்து மடு தொடங்கும் சரிவு. தண்ணீர்மேல் நுரைக் கோடு எங்கே போகிறதோ அதே வழியில்தான் பூச்சியும் மிதந்து போகும். நுரையைப் பின்தொடருங்கள்.

மீன் ஓட்டத்துக்கு எதிராகத் தலை வைத்து நிற்கும். ஆகவே கீழ்ப்பக்கமிருந்து, அதன் வாலுக்குப் பின்னாலிருந்து நெருங்குங்கள். கரையோரத்தை முதலில் வீசிப் பார்த்துவிட்டுப் பிறகு இறங்குங்கள். புதியவர் நின்றுகொண்டிருக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் மீன் நின்றுகொண்டிருந்தது.

இறங்கினால், ஓட்டத்துக்குப் பக்கவாட்டில் திரும்பி, ஒரு கால் ஊன்றிய பிறகு மறு கால். பாசிக் கல்லின் மேல் மிதிக்காமல் கற்களுக்கு நடுவே வையுங்கள். வேடர் போட்டால் இடுப்புப் பெல்ட் கட்டாயம், விழுந்தால் தண்ணீர் உள்ளே கொட்டாமல் அதுதான் தடுக்கும். ஓட்டம் இழுத்துக்கொண்டு போனால் எழுந்து நிற்கப் போராடாதீர்கள். மல்லாந்து, பாதங்கள் முன்னால் போகும்படி மிதந்து, ஓரத்துக்கு ஒதுங்குங்கள்.

8. எந்த ஃப்ளை

கடையில் ஆயிரம் வகை இருக்கும். நான் முதல் வருடத்துக்குச் சொல்வது ஐந்து: பாராசூட் ஆடம்ஸ், எல்க் ஹேர் கேடிஸ் (இரண்டும் மிதப்பவை, 14-ம் 16-ம்), தலையில் மணி வைத்த ஃபெசன்ட் டெயில் நிம்ஃப், ஹேர்ஸ் இயர் நிம்ஃப் (மூழ்குபவை), கறுப்பு வூலி பக்கர். ஒவ்வொன்றிலும் மூன்று, ஏனென்றால் மரம் பங்கு கேட்கும். எண் கூடினால் முள் சிறிதாகும்.

மேஃப்ளை ஏறக்குறைய வருடம் முழுக்கத் தண்ணீருக்கடியில் கல்லோரம் நிம்ஃப் என்கிற சிறகில்லாத இளம்பூச்சியாக வாழ்கிறது. ஒருநாள் மேலே வந்து தோலுரித்துச் சிறகு விரிக்கும், ஓரிரு நாளில் முட்டையிட்டு முடிந்துபோகும். நம்மூரில் மழை விட்டதும் ஈசல் கிளம்புமே, அதே மாதிரி ஆற்றிலிருந்து கிளம்பும். இங்கே மே நடுவிலிருந்து மாலை நேரத்தில் சல்ஃபர் என்கிற மஞ்சள் மேஃப்ளை வரும். வட்ட வட்டமாக மீன் மேலே வந்தால் ஆடம்ஸையோ கேடிஸையோ கட்டுங்கள். ஒன்றுமே அசையவில்லை என்றால் சாப்பாடு அடியில் நடக்கிறது, நிம்ஃப். தடுமாறினால் ஒரு கல்லைப் புரட்டி, அதில் ஒட்டியிருக்கும் பூச்சியின் அளவைப் பாருங்கள். நிறத்தைவிட அளவு முக்கியம்.

9. மிதக்க விடுவது

வீச்சு மோசமாக இருந்தும் மீன் பிடிப்பவரைப் பார்த்திருக்கிறேன். அழகாக வீசிவிட்டு இதில் கோட்டை விட்டவர் மீன் பிடித்துப் பார்த்ததில்லை.

நிஜப் பூச்சி ஓட்டத்தின் வேகத்திலேயே மிதக்கும், கூடவும் போகாது குறையவும் போகாது. உங்கள் ஃப்ளையோ லைனோடு கட்டப்பட்டது. நடுவில் உள்ள வேகமான தண்ணீர் லைனைக் கவ்வியதும் லைன் வில்லாக வளைந்து ஃப்ளையைத் தரதரவென்று இழுக்கும். ஃப்ளைக்குப் பின்னால் ‘வி’ வடிவக் கோடு தெரிந்தால் மீன் அதைத் தொடாது.

இதற்கு மெண்டிங். லைன் தண்ணீரில் விழுந்ததும், இழுபடத் தொடங்கும் முன்பே, கோல் முனையால் ஒரு சிறிய அரைவட்டம் போட்டு நடு லைனை மட்டும் தூக்கி மேல்ஓட்டப் பக்கம் வையுங்கள். ஃப்ளை அசையக் கூடாது. இழுபட்ட பிறகு செய்தால் ஃப்ளையும் சேர்ந்து துள்ளும். இதைவிடச் சுலபமான வழி, ஓரடி கிட்டே போய் நின்று, கோலை உயர்த்தி, தண்ணீரில் கிடக்கும் லைனையே குறைப்பது. லைனுக்கு எடை இருப்பதால்தான் வீச முடிந்தது, அதே எடைதான் இப்போது எதிரி. நீளமாக வீசாதீர்கள் என்று மறுபடியும் சொல்கிறேன்.

எத்தனை தூரம் மிதக்க வேண்டும்? நான்கடி இழுபடாமல் போனாலே போதும், ஆனால் அந்த நான்கடி மீன் இருக்கும் நான்கடியாக இருக்கட்டும். மீனுக்கு மூன்று நான்கு அடி மேலே ஃப்ளை விழ வேண்டும், மீன் தலையில் இல்லை.

நிம்ஃப் போடும்போது லீடரில் ஒரு தக்கை மாட்டிக்கொள்ளுங்கள். தண்ணீரின் ஆழத்தைப்போல ஒன்றரை மடங்கு தூரத்தில் தக்கைக்குக் கீழே ஃப்ளை இருக்கட்டும், ஓட்டம் நரம்பைச் சாய்ப்பதால் அந்தக் கூடுதல் தேவை. ஒருமுறைகூட அடியைத் தட்டவில்லை என்றால் ஆழம் போதவில்லை. ஒவ்வொரு முறையும் சிக்கினால் அதிகம். இடத்தை மாற்றும் முன் ஆழத்தை மாற்றிப் பாருங்கள், ஃப்ளையை மாற்றுவது கடைசி. புதியவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்து, மாலை முழுவதும் முடிச்சுப் போட்டே கழிப்பார்கள்.

10. கடித்ததும்

ஊரில் தூண்டில் போட்டவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, தக்கை முங்கியதும் மீனைத் தலைக்குமேல் வீசிக் கரையில் போடுவது. 5 எக்ஸ் நரம்பில் அது நடக்காது, ‘டக்’கென்று அறுந்துவிடும். விரலால் லைனை அழுத்திக்கொண்டு கோலை உயர்த்துங்கள், அந்த அளவு போதும். நிம்ஃபில் தக்கை தயங்கினாலே உயர்த்த வேண்டும், மீன் பொய்ப்பூச்சியைக் கண நேரத்தில் துப்பிவிடும். மிதக்கும் ஃப்ளையில் நேர்மாறாக, மீன் வாயை மூடித் தலை கவிழ்க்கும்வரை அரைக் கணம் பொறுங்கள்.

மாட்டியபின் கோல் வளைந்தே இருக்கட்டும். வளைந்த கோல்தான் மெல்லிய நரம்பைக் காப்பாற்றும் ஸ்பிரிங். மீன் ஓடினால் விரலைத் தளர்த்தி விடுங்கள், நின்றால் இழுங்கள். வலப்பக்கம் ஓடினால் கோலை இடப்பக்கம் சாயுங்கள், பக்கவாட்டு இழுப்பு அதைச் சீக்கிரம் களைப்பாக்கும். ரசித்து ரசித்து இழுக்காதீர்கள், தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் அதன் உயிரில் கழிகிறது.

11. விடுவது

கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். மீன்மேல் உள்ள வழுவழுப்புதான் அதன் நோய்த்தடுப்பு, காய்ந்த கை அதை உரித்துவிடும். கைவலைக்குள், தண்ணீரிலேயே வைத்து, ஃபோர்செப்ஸால் முள்ளை வந்த வழியே திருப்பி எடுங்கள். தொண்டைவரை போயிருந்தால் நோண்டாமல் நரம்பை வெட்டிவிடுங்கள். படம் வேண்டுமா? நண்பர் கைபேசியைத் தயாராக வைத்தபின் தூக்குங்கள், உங்கள் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள், மூச்சு முட்டும் முன் தண்ணீரில் விடுங்கள். வயிற்றை அழுத்தவோ செவுளில் விரல் விடவோ கூடாது.

ஓட்டம் மெதுவாக உள்ள இடத்தில், தலை மேல்ஓட்டத்தைப் பார்க்கும்படி தளர்வாகப் பிடித்திருங்கள். அதுவாக வாலை உதறிக்கொண்டு போகும்வரை விடாதீர்கள்.

குழம்பு வைக்கலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். விதி அனுமதிக்கும் பகுதியில், அனுமதித்த அளவும் எண்ணிக்கையும் இருந்தால் பண்ணை ட்ரௌட்டை எடுத்துவரலாம். சதை மெல்லியது, குழம்பில் கரைந்துவிடும். மிளகுத்தூள் தடவி வறுப்பதே நல்லது.

12. வீட்டுக்கு வந்தபின்

ஷூவிலும் வலையிலும் ஒட்டிய சேற்றை ஆற்றங்கரையிலேயே கழுவிவிட்டு, வீட்டில் முழுக்கக் காயவையுங்கள். டிடிமோ என்கிற பாசி டெலவேர் ஆற்றிலேயே இருக்கிறது, ஈர ஷூ அதை அடுத்த ஆற்றுக்குச் சுமந்து போகும். அடிப்பாகத்தில் கம்பளி ஒட்டிய ஷூவுக்குச் சில மாநிலங்களில் தடை இருப்பதும் இதனால்தான்.

லைனை ஈரத்துணியில் சோப்புத் தண்ணீர் தொட்டுத் துடைத்தால் அடுத்த முறை வழுக்கிக்கொண்டு போகும், அழுக்கு லைன் மூழ்கத் தொடங்கும். கோலை ஈரத்தோடு குழாயில் போட்டு மூடாதீர்கள். துண்டுகள் இறுகிக் கழலவில்லை என்றால் குறடு போடாமல் இன்னொருவரைக் கூப்பிடுங்கள். இருவரும் இரண்டு துண்டிலும் ஆளுக்கொரு கை வைத்து நேராக இழுத்தால் வந்துவிடும். தொப்பியில் குத்திவைத்த ஃப்ளைகளையும் அன்றே எடுத்துக் காயவைத்துப் பெட்டியில் போடுங்கள், இல்லாவிட்டால் முள் துருப்பிடிக்கும். என் வீட்டில் ஒன்று வாஷிங் மெஷினுக்குள் போய் வந்தது.